பாகாயம் மனநல மையம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், நோயாளியுடன் உறவினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறைக்குப் பெயர்பெற்றது. அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர் 1950களில் கூடாரம் அடித்துச் செய்த முயற்சி இதற்கு முன்னோடி. மனநோயாளியைத் தெருவுக்குத் தள்ளுவது நோய் மட்டுமன்று. நோய் புரியாமல் ஓய்ந்துபோகும் வீட்டாரின் இயலாமையும்தான். மாத்திரையின் பக்கவிளைவு, நோய் திரும்பும் அறிகுறி, கோபம் மூளும்போது பேசும் விதம் இவற்றை உடனிருந்து கற்ற குடும்பத்தில் அடிக்கவோ கட்டிப்போடவோ தேவை குறைகிறது. ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவது எங்கே கொண்டுவிடும் என்பதற்கு, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியோடு மாண்டவர்கள் உட்பட 28 பேரின் சாவே சாட்சி.

இம்முறை பெண்கள் தலையில் சுமையேற்றுகிறது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆம்பூர்க் காலணி ஆலைக்குப் போகும் பெண் உடன் தங்கினால் கூலி போகும். அதற்கு ஈடு தேவை. வீடே வன்முறைக் களமானவருக்கோ, 1993இல் சென்னையில் பிறந்த 'தி பான்யன்' போன்ற தங்குமிடமே பொருந்தும். சங்கிலியிடுவதைத் தடைசெய்யும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், குடும்பம் கைவிட்டவருக்குச் சட்ட உதவியும் குடும்ப வீட்டில் வாழும் உரிமையும் கிடைக்கச் செய்யும் பொறுப்பை அரசிடம் வைக்கிறது.