பழைய மென்பொருளைக் கைவிடாதவர்கள்

கெட்டிக்கார நிரலர் புதியதை ஆக்குவார், பழையதைப் பேணுவது இரண்டாந்தர வேலை என்றொரு எண்ணம் கணினித் துறையில் ஊறிப்போயிருக்கிறது. முரசு அஞ்சலின் வரலாறு இதை மறுக்கிறது. 1985இல் கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய இந்தத் தமிழ் மென்பொருள், டாஸ் காலத்தில் தொடங்கி விண்டோஸ், மேக், கைப்பேசி என்று தளத்துக்குத் தளம் தாவி வந்திருக்கிறது. இன்று காஜாங்கில் ஒருவர் ஐஃபோனில் தமிழ் விசைமுகத்தைச் சேர்க்கப் போனால், தமிழ்99க்குப் பக்கத்திலேயே ‘அஞ்சல்’ என்ற பெயரும் இருக்கும். எம், ஏ விசைகளைத் தட்டினால் ‘ம’. இன்னொரு ஏ தட்டினால் ‘மா’.

இத்தனை காலம் ஒருவரை ஒரே பணியில் நிற்க வைப்பது வெறும் பிடிவாதமாக இருக்க முடியாது. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியேற்றத்தில் இயங்கின. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் குப்பையாகத் தெரிந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் வந்தது, அதன்பின் யூனிகோடு பரவியது. டிஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என மூன்று துண்டு. யூனிகோடில் முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. பழைய கோப்பைப் புதியதாக மாற்ற, வரிசையையே அவிழ்த்துக் கட்ட வேண்டும். வெளியே பராமரிப்பு என்று தெரிவது, உள்ளே ஒவ்வொரு முறையும் புதுச் சிக்கல். திறமைசாலியை இழுப்பது அதுதான். அந்தக் கோப்புகளை நம்பியிருக்கும் வாசகரும் ஆசிரியரும் யாரென்று தெரிந்திருப்பது அவரை அங்கேயே நிலைக்க வைக்கிறது.

சொந்தப் படைப்பை யார்தான் விடுவார், சம்பளத்துக்குப் பிறர் நிரலைப் பார்ப்பவருக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் உலக இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பேணிவந்தார்கள். பெரும் பணம் அங்கே இல்லை. அப்படியும் நின்றார்கள். 2014இல் அந்த நிரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகே பெருநிறுவனங்கள் நிதி திரட்டின. ஆர்வம் ஆளைத் தங்க வைக்கும். ஆனால் ஆள்பலமும் ஊதியமும் இல்லாவிட்டால் வேலை தாங்காது என்பதற்கு இதுவே சான்று. தமிழ் அமைப்புகள் மென்பொருள் வெளியீட்டு விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பேணுபவருக்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும்.