புள்ளியில் தொடங்கும் பாதை

மேற்கோள் குறி கிடையாது. ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, அடுத்து ஒரு கோப்பின் பெயர். மென்பொருளைக் கட்டப் பயன்படும் நிக்ஸ் மொழியில் ஒரு பாதை பிறப்பது இப்படித்தான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா உருவாக்கிய மொழி இது. அதன் அடிப்படைகளை விளக்கும் அவரது முனைவர் பட்ட ஆய்வேடு 2006-இல் வந்தது.

பல மொழிகளில் பாதை என்பது வெறும் ஸ்ட்ரிங்தான். அங்கே அந்தப் புள்ளி எந்த இடம் என்பது, கட்டளை எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்பதைப் பொறுத்து மாறும். நிக்ஸில் மாறாது. அந்த வரி எந்தக் கோப்பில் எழுதப்பட்டதோ, அந்தக் கோப்பு இருக்கும் இடமே புள்ளி. படித்த கணத்திலேயே அது முழுப் பாதையாக விரிந்துவிடுகிறது. பாதைக்கென்று தனி வகையே வைத்த இந்த முடிவு எவ்வளவோ குழப்பத்தைத் தவிர்க்கிறது என்பேன்.

ஆனால் எந்தப் பாதையும் ஒருநாள் ஸ்ட்ரிங்காக மாறியே தீர வேண்டும். அங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. டூஸ்ட்ரிங் சார்பிடம் கொடுத்தால், முழுப் பாதையின் எழுத்துகள் மட்டும் திரும்பி வரும். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். மேற்கோள் குறிக்குள் டாலரும் நெளிவு அடைப்பும் இட்டுப் பாதையை நுழைத்தாலோ, நிக்ஸ் தன் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இடமான நிக்ஸ் ஸ்டோருக்குக் கோப்பே நகலாகிறது. அங்கே அதற்குப் புதுப் பெயர்: முன்னால் 32 எழுத்து ஹாஷ், ஒரு கோடு, பிறகு பழைய பெயர். உள்ளடக்கத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் ஹாஷ் மாறிவிடும். மாற்றிய தேதிகூட அழிக்கப்படுகிறது. ஸ்டோரில் எல்லாக் கோப்பின் தேதியும் 1970 ஜனவரி 1, நள்ளிரவு தாண்டி ஒரு நொடி.

இப்படி உருவான ஸ்ட்ரிங், தான் எந்த ஸ்டோர் கோப்பிலிருந்து வந்தது என்பதைக் கூடவே சுமக்கிறது. எழுத்துகளுக்கு அப்பால் ஒட்டியிருக்கும் நினைவு அது. வேறு ஸ்ட்ரிங்கோடு ஒட்டினாலும் அந்த நினைவு போகாது. ஒரு மென்பொருளைக் கட்டும்போது அது எவற்றைச் சார்ந்தது என்பதை நிக்ஸ் இதை வைத்தே அறிகிறது. நாம் பட்டியல் எழுதித் தர வேண்டியதில்லை. இந்த மொழியில் நான் மிகவும் மதிக்கும் நுட்பம் இதுவே.

கட்டி முடிந்த பின்னும் பயணம் ஓயாது. வெளிவந்த கோப்புகளுக்குள் அந்த ஹாஷ் எங்காவது இருக்கிறதா என்று நிக்ஸ் தேடும். இருந்தால், அந்த மென்பொருள் இருக்கும்வரை நகலும் இருக்கும். அதைச் சுட்டுவது எதுவுமே இல்லாதபோதுதான் குப்பை அகற்றும் கட்டளை அதை நீக்கும். உங்கள் கோப்புறையில் மூலக் கோப்பை அழித்தாலும் ஸ்டோரில் உள்ள நகலுக்கு ஒன்றும் ஆகாது.

அந்த நகலை அந்தக் கணினியின் எந்தப் பயனரும் படிக்கலாம். ஆகவே கடவுச்சொல், சாவி போன்றவை உள்ள கோப்பை இந்த வழியில் அனுப்பாதீர்கள். அதைத் திட்டக் கோப்புறைக்கு வெளியே வைத்து, முழுப் பாதையை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்.