சுபக்: பாலித் தீவின் நெல் வயலும் நீர்ச் சங்கமும்

சுபக் என்பது இந்தோனேசியாவின் பாலித் தீவில், ஒரே மூலத்திலிருந்து தண்ணீர் பெறும் நெல் விவசாயிகள் கூடி நடத்தும் பாசனச் சங்கம். தீவில் ஏறக்குறைய 1,200 சுபக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 விவசாயிகள் வரை உறுப்பினர்கள். நாற்று விடும் நாள், வயலைத் தரிசாக விடும் காலம், யாருக்கு எவ்வளவு தண்ணீர், வாய்க்கால் தூர்வாரும் முறை ஆகிய எல்லாவற்றையும் சங்கமே முடிவு செய்கிறது. மண், நீர், பூச்சி, மனிதர் ஆகியவற்றைத் தனித்தனியே பார்க்காமல் ஒரே அமைப்பாகப் பார்த்தால்தான் வேளாண்மை நிலைக்கும் என்ற கருத்துக்கு சுபக்கின் வரலாறு அழுத்தமான சான்று. 1970களில் இந்த அமைப்பு குலைந்தபோது என்ன நடந்தது, பிறகு அது எப்படி உணரப்பட்டது என்பது நன்றாகவே பதிவாகியிருக்கிறது.

பாலி எரிமலைத் தீவு. ஆறுகள் சமவெளியில் பரந்து ஓடுவதில்லை, ஆழமான பள்ளத்தாக்குகளை வெட்டிக்கொண்டு இறங்குகின்றன. பக்கத்தில் இருக்கும் வயலுக்கு அந்தத் தண்ணீர் எட்டாது. எனவே மேலே ஓரிடத்தில் சிற்றணை கட்டி, மலையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் வழியாகத் தண்ணீரைக் கொண்டு வர வேண்டியிருந்தது. கி.பி. 896ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் சுரங்கம் வெட்டும் வினைஞர்கள் குறிப்பிடப்படுகின்றனர். 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களில் சுபக் என்ற பெயரின் பழைய வடிவமே வந்துவிடுகிறது. ஆக, இந்தச் சங்கத்துக்கு ஆயிரம் ஆண்டு வயது என்பது மிகையல்ல.

தண்ணீர் பங்கிடும் இடத்தில் இதன் நுட்பம் கண்ணுக்குத் தெரியும். வாய்க்கால் பிரியும் இடத்தில், குறுக்கே ஒரு மரக்கட்டையை மட்டம் பார்த்துப் பதிக்கிறார்கள். பெரும்பாலும் அது தென்னங்கட்டையாக இருக்கும். அதில் ஒரே ஆழத்தில் வாய்கள் வெட்டப்பட்டிருக்கும், அகலம்தான் மாறும். இரண்டு பங்கு உள்ளவருக்கு இரண்டு மடங்கு அகலம், ஒரு பங்கு உள்ளவருக்கு ஒரு மடங்கு. ஆற்றில் வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் விகிதம் மாறாது. யாரும் கதவைத் திறந்து மூடத் தேவையில்லை, வழிப்போக்கர் கூடப் பங்கு சரியா என்று நின்று பார்க்கலாம். சண்டை வராமல் தடுக்க இதைவிட எளிய கருவியைக் கற்பனை செய்வது கடினம்.

இத்தனை பெரிய பாசனத்தை மன்னர்கள்தான் நடத்தியிருக்க வேண்டும் என்று வெளியார் பலர் எண்ணினர். வரலாற்றாய்வாளர் கார்ல் விட்ஃபோகல் 1957இல் வெளியிட்ட நூலில், பெரும் பாசனம் உள்ள ஆசியச் சமூகங்களில் வல்லாட்சி உருவாகிறது என்று வாதிட்டார். பாலி அந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்கவில்லை. டச்சு அதிகாரி லீஃப்ரிங்க் 1880களிலேயே வட பாலியின் நெல் சாகுபடியை விரிவாக எழுதி, சுபக்குகளின் தன்னாட்சியைப் பதிவு செய்திருந்தார். மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1980இல் எழுதிய நூலில், பாசனம் அரண்மனையிலிருந்து அல்லாமல் அடிமட்டத்திலிருந்தே நடந்தது என்று காட்டினார்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மேலிருந்து கட்டளையிட யாரும் இல்லையென்றால், தலைமடைக்காரர் கடைமடைக்காரருக்கு ஏன் தண்ணீர் விட வேண்டும்?

விடை பூச்சியில் இருக்கிறது. ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் நட்டு, ஒரே நேரத்தில் அறுத்து, ஒரே நேரத்தில் தரிசு விட்டால், புகையான் பூச்சிக்கும் எலிக்கும் தின்ன எதுவும் கிடைக்காது, பெருக்கம் அறுபடும். ஆனால் எல்லோரும் ஒன்றாக நட்டால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தண்ணீர் வேண்டும், ஆறு தாங்காது. முன்பின்னாக நட்டால் தண்ணீர் போதும், பூச்சியோ ஒரு வயலில் அறுவடை முடிந்ததும் பக்கத்து இளம்பயிருக்குத் தாவிவிடும். தலைமடைக்காரருக்குத் தண்ணீர்க் கவலை இல்லை, பூச்சிக் கவலை உண்டு. கடைமடைக்காரருக்கு முதல் கவலை தண்ணீர். மேலே இருப்பவர் தண்ணீர் விட்டுக்கொடுக்கிறார். கீழே இருப்பவர் அவரோடு சேர்ந்து நட்டு, சேர்ந்து தரிசு விடுகிறார். ஒருவருக்கு மற்றவர் தேவை. எத்தனை சுபக்குகள் ஒன்றாக நட வேண்டும், எங்கே பிரிந்து பின்னால் நட வேண்டும் என்பதுதான் முழு விவசாயமும் சார்ந்திருக்கும் கணக்கு.

அந்தக் கணக்கு போடப்படும் இடம் நீர்க்கோயில். வாய்க்கால் தலைப்பில் ஒரு சிறு கோயில், பல சுபக்குகளுக்குப் பொதுவாக ஒரு பெரிய கோயில், எல்லாவற்றுக்கும் மேலே பத்தூர் ஏரியின் தேவியான தேவி தானுவுக்குரிய உலுன் தானு பத்தூர் கோயில் என்று இவை அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. 1926இல் எரிமலை வெடித்து அந்தப் பழைய கோயில் அழிய, உயரமான இடத்தில் அது மீண்டும் எழுப்பப்பட்டது. பொதுக் கோயில்களின் திருவிழாவுக்குக் கூடும் சுபக் பிரதிநிதிகள், அடுத்த பருவத்தின் நடவு நாட்களையும் அங்கேயே பேசி முடிக்கிறார்கள். வழிபாடும் பாசன நிர்வாகமும் அங்கே இரண்டல்ல. வெளியிலிருந்து வந்த பொறியாளர்களின் கண்ணில் வழிபாடு மட்டுமே பட்டது.

பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. அதன் பெற்றோரில் ஒன்றான பேட்டா இந்தோனேசிய நெல். பஞ்சத்துக்கு அஞ்சிய இந்தோனேசிய அரசுக்கு, குறுகிய காலத்தில் அதிக மகசூல் தரும் இந்த ரகங்கள் பெரும் நம்பிக்கையாக இருந்தன. அந்த நம்பிக்கை நியாயமானதும்கூட. கடன், விதை, உரம், பூச்சிக்கொல்லி ஆகியவை ஒரே தொகுப்பாக பாலிக்கு வந்தன. கூடவே ஓர் அறிவுரையும் வந்தது: கோயில் நாளைப் பார்க்காதீர்கள், முடிந்தபோதெல்லாம் நடுங்கள். 1977 வாக்கில் தென் பாலியின் அடுக்கு வயல்களில் சுமார் 70 விழுக்காடு புதிய ரகங்களுக்கு மாறியிருந்தது.

முதலில் மகசூல் ஏறியது. பிறகு தண்ணீர் முறை குழம்பியது, தரிசுக் காலம் மறைந்தது, புகையான் வந்தது. தூரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் இந்தச் சிறு பூச்சி தாக்கிய வயல், தீப்பற்றியது போல வட்ட வட்டமாகக் காய்ந்துபோகும். புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.36 கொடுக்கப்பட்டது; அது துங்ரோ வைரஸுக்கு இரையானது. துங்ரோவைத் தாங்கும் இன்னொரு ரகம் வந்தது. அதை இலைப்புள்ளி நோய் பிடித்தது. 1980களின் நடுவில் விவசாயிகள் பலர், கோயில் முறைக்கே திரும்ப விட வேண்டும் என்று கேட்டனர். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் அங்கே நடந்த பாசனத் திட்டத்துக்கு வந்த வெளிநாட்டு ஆலோசகர்கள் அதை மதப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த வரலாற்றில் மிக வருத்தம் தரும் பகுதி இதுதான். பதில் தெரிந்தவர்கள் பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கேட்க வேண்டியவர்களின் காதில் அது விழவில்லை.

இதே காலத்தில் இந்தோனேசியா முழுவதும் இன்னொரு பாடம் நடந்தது. பூச்சிக்கொல்லிக்கு அரசு பெருமளவு மானியம் தந்தது, தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகியது. மருந்து முதலில் கொன்றது சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும். புகையானைத் தின்பவை அவையே. அவை இல்லாத வயலில், தண்டுக்குள் பத்திரமாக இருந்த முட்டைகள் பொரித்துத் தடையின்றிப் பெருகின. பூச்சியியலாளர் பீட்டர் கென்மோர் பிலிப்பைன்ஸ் வயல்களில் இதை ஆராய்ந்து காட்டியிருந்தார். 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார். 1989க்குள் மானியமும் நின்றது. அதன்பின் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில், விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கி எது பகை, எது துணை என்று தாங்களே எண்ணிப் பார்த்துக் கற்றார்கள்.

பாலியில் மானுடவியலாளர் ஸ்டீஃபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் கணினியை நாடினார்கள். ஓஸ், பெத்தானு ஆகிய இரண்டு ஆறுகளையொட்டிய 172 சுபக்குகளை மாதிரியில் ஏற்றி, மழை, ஆற்று நீர், பயிர் வளர்ச்சி, பூச்சிப் பெருக்கம் ஆகியவற்றை ஓடவிட்டனர். ஒவ்வொரு சுபக்கும் தன்னிச்சையாக நட்டால் பூச்சி மேலோங்கியது, எல்லாம் ஒன்றாக நட்டால் தண்ணீர் தீர்ந்தது. கோயில்கள் வகுத்திருந்த குழுக்களை ஒத்த அளவில்தான் மகசூல் உச்சத்தைத் தொட்டது. அடுத்த சோதனை இன்னும் வியப்பானது. கோயில்களைப் பற்றி எதுவும் சொல்லாமல், அண்டை சுபக்குகளில் அதிகம் விளைந்ததைப் பார்த்து அதன் பயிர்முறையைப் பின்பற்று என்ற ஒரே விதியை மட்டும் கொடுத்தபோது, சில ஆண்டுகளிலேயே நிஜக் கோயில் வலையை ஒத்த ஓர் ஒழுங்கு தானாக உருவானது. முடிவுகள் 1993இல் வெளியாயின. பாசனத் திட்டத்துக்குக் கடன் கொடுத்த ஆசிய வளர்ச்சி வங்கியின் மதிப்பீடும் 1988இலேயே பழைய முறையின் அருமையை உணராததற்குக் கொடுத்த விலை பெரிது என்று ஒப்புக்கொண்டிருந்தது.

உரத்தின் கதையும் இதோடு சேர்ந்ததே. எரிமலைப் பாறைகளைக் கரைத்து வரும் பாலி ஆற்று நீரில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் இயல்பாகவே உண்டு. வாய்க்கால் தண்ணீரே பாதி உரம். தொகுப்பில் வந்த ரசாயன உரத்தில் பயிர் எடுத்துக்கொள்ளாத பகுதி ஆற்றில் கலந்து கடலுக்குப் போனது, கரையோரப் பவளத்திட்டுகளிலும் அதன் தடயம் பதிந்தது.

யுனெஸ்கோ 2012இல் சுபக் நிலக்காட்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஐந்து பகுதிகள், மொத்தம் 19,500 ஹெக்டேர். பட்டியல் வந்ததால் ஜத்திலுவே போன்ற ஊர்களுக்குப் பயணிகள் குவிந்தார்கள். வயல் விலை ஏறியது, தீவின் தெற்கில் விடுதிகளும் வில்லாக்களும் நெல் நிலத்தைத் தின்கின்றன. தலைமடையில் ஒரு வயல் கட்டடமானால் அதன் வழியே கீழே போன வாய்க்காலும் அடைபடும், எனவே இழப்பு அந்த ஒரு வயலோடு நிற்பதில்லை.

அண்மை ஆண்டுகளில் லான்சிங்கும் பாலி ஆய்வாளர்களும் மீத்தேன் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். ஓயாமல் தண்ணீர் தேங்கிய வயல் மீத்தேனை வெளியிடும். வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்த சுபக் விவசாயிகளின் வயல்களில் பசுங்குடில் வாயு குறைந்ததையும் மகசூல் கூடியதையும் 2023இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. சுபக்குக்குள் பங்கும் முறையும் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருப்பதால், ஒருவர் வயலைக் காய வைக்கும் நாட்களில் அந்தத் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போகிறது.