குரல் கொடுத்துப் பிடித்தல்

தஞ்சோங் பகாரில் என் வீட்டிலிருந்து காலாற நடந்தால் ஸ்பூனர் சாலை வந்துவிடும். அந்தப் பக்கத்தில்தான் பழைய மலாயா ரயில் தடம் நடைபாதையாகத் தொடங்குகிறது. 1932இல் திறந்த தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் கிளம்பியது. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். இரு பக்கமும் இருந்த செடிகொடிகள் அப்படியே நின்றன. இன்று உட்லண்ட்ஸ்வரை 24 கிலோமீட்டருக்குப் புல்லும் மரமுமாகக் கிடக்கிறது.

ஒருநாள் காலை கேமராவோடு போயிருந்தேன். இலைமறைவில் ஓர் ஆண் குண்டுகரிச்சான் பாடிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் நின்றும் சரியாக ஒரு படம் கிடைக்கவில்லை. கைப்பேசியில் அதே பறவையின் பாட்டைத் தேடியெடுத்து ஒலிக்கவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு கீழே இறங்கி, என் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றி, கைநீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் பாடியது. நாற்பது படம் எடுத்தேன். போதவில்லை என்று தோன்றியது. மறுபடி ஒலிக்கவிட்டேன். மறுபடியும்.

"என்னா தம்பி, எத்தன வாட்டிதான் அதக் கூப்புடுவீங்க?"

பின்னால் ஒரு பெரியவர், கையில் காப்பிப் பொட்டலத்தோடு. "அது பாடல தம்பி, சண்டைக்கு நிக்குது. கூட்டுல குஞ்சு இருக்கும். அதுக்குத் தீனி தேடாம உங்க போனோட மல்லுக்கட்டுது."

ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ரயில் வேலைக்கு வந்தவராம். ஊரில் கௌதாரி பிடித்த கை. "மூணு தடவைக்கு மேல கூப்டக் கூடாதுன்னு சொல்வாரு. பாவம்னு இல்ல தம்பி. மூணுக்கு மேல போனா அதுக்குத் தெரிஞ்சிரும்."

அந்த மூன்று என்ற கணக்கு என்னை விடவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள், குரல் கொடுத்து விலங்கை வரவழைக்கும் கலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதன் உச்சம் வட அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 'எல்க்' என்று சொல்லும் வாப்பிட்டி மான், செப்டம்பர் மாதத்தில் இணை தேடும். முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆண், அடித்தொண்டையில் தொடங்கி விசில்போல உச்சத்துக்கு ஏறி, கடைசியில் நாலைந்து உறுமலோடு முடிகிற ஒரு கூவலைப் போடும். பள்ளத்தாக்கே அதிரும். வேட்டைக்காரர் குதிரை லாட வடிவச் சட்டத்தில் மெல்லிய ரப்பர் கட்டிய ஒரு சிறு துண்டை மேலண்ணத்தில் ஒட்டவைத்து ஊதுகிறார். கூடவே ஒரு குழாய். ஆணைப்போலக் கூவினால் அது சவால். பெட்டையைப்போல மெல்ல 'ம்யூ' என்றால் அழைப்பு. சமயத்தில் ஒரு கிளையை எடுத்து மரப்பட்டையில் தேய்த்து, இன்னோர் ஆண் கொம்பு தீட்டுவதுபோல ஓசை எழுப்புவதும் உண்டு.

இதில் நுணுக்கம் ஊதுவதில் குறைவு, நிற்கும் இடத்தில் அதிகம். சுடுகிறவர் முன்னால், ஊதுகிறவர் முப்பது நாற்பது மீட்டர் பின்னால். குரல் வந்த இடத்தைத் தேடி வரும் மான், சுடுகிறவரைக் கடந்துதான் போகவேண்டும். வருகிற மானோ நேராக வராது. காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வளைந்து, மோப்பம் பிடித்த பிறகே நெருங்கும். ஏற்கெனவே பெட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய ஆண், சவால் குரல் கேட்டதும் மந்தையை ஓட்டிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். ஏமாந்து ஓடிவருவது பெரும்பாலும் ஜோடி கிடைக்காத இளவட்டம். தேர்ந்தவர்கள் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: குறைவாக ஊது. புதுக்கோட்டைக்காரரின் மூன்று தடவை எனக்கு அங்கேயும் கேட்டது. கனடாவின் பூர்வகுடிகள் மூஸ் என்ற பெருமானைக் கூப்பிட, பூர்ச்ச மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டிப் பெட்டையின் முனகலை எழுப்புவார்கள். அதே கூம்பில் தண்ணீர் மொண்டு ஏரியில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பெட்டை தண்ணீரில் நின்று சிறுநீர் கழிக்கும் சத்தம் அது. இவ்வளவு தூரம் ஒரு விலங்கைக் காது கொடுத்துக் கேட்டவர்கள்தான் அதைக் கொல்லவும் செய்தார்கள்.

எல்க் என்ற பெயரே ஊருக்கு ஊர் வேறு மிருகம். ஐரோப்பாவில் அது மூஸைக் குறிக்கும். அமெரிக்காவுக்குப் போன ஆங்கிலேயர் வாப்பிட்டிக்கு அதைச் சூட்டினார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் நம் மரையைப் பார்த்து எல்க் என்று எழுதிவைத்தார்கள். தமிழ்நாட்டில் கடமான், தெற்கே மிளா. சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட இலங்கை வேட்டைப் புத்தகத்தில் நுவரெலியா மலைகளில் அவர் துரத்தும் எல்க் எல்லாம் இந்த மரைதான். ஆனால் அவர் குரல் கொடுக்கவில்லை. நாய்க்கூட்டத்தை ஏவிவிட்டு, மான் ஓடையில் திரும்பி நிற்கும்போது கத்தியோடு இறங்கினார். மரை வாப்பிட்டியைப்போல ஊரைக் கூட்டிக் கூவித் திரிகிற சாதியில்லை. நாய் வேட்டைக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சிங்கப்பூரிலும் மரை உண்டு. காட்டில் இருந்தவை ஒழிந்துபோய், 1970களில் மண்டாய் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வம்சம் இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் மேய்கிறது.

நம் ஆட்கள் குரலை நம்பியது சின்ன உயிர்களிடம்தான். பெரியவர் சொன்ன கௌதாரிப் பிடிப்பு இப்படி: பழக்கிய ஆண் கௌதாரியைக் கூண்டோடு கொண்டுபோய், காட்டுக் கௌதாரியின் எல்லைக்குள் விடியுமுன் வைக்கவேண்டும். சுற்றிலும் சுருக்குக் கண்ணி. கூண்டுப் பறவை கத்தும். 'என் இடத்தில் எவன்டா?' என்று காட்டு ஆண் ஓடிவரும். கூண்டைச் சுற்றிக் கால் வைத்தால் கண்ணி இறுகும். பெட்டைக்காக வந்து மாட்டுவதைவிட வீம்புக்காக வந்து மாட்டுவதே அதிகம்.

இப்படி இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க உதவும் விலங்குக்குத் தமிழில் 'பார்வை' என்று பெயர். சங்க காலச் சொல். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முற்றத்தில், விளாமரத்தடியில் ஒரு பார்வை மான் கட்டிக் கிடக்கிறது. கட்டிக் கட்டி மரத்தின் அடியே தேய்ந்திருக்கிறது. எத்தனை வருடத்துப் பழக்கம் அது என்று அந்தத் தேய்மானமே சொல்லிவிடுகிறது. கூண்டு, கயிறு எதுவும் இல்லாமல் வெறும் தொண்டையாலேயே காரியம் முடித்தவர்கள் நரிக்குறவர்கள். நரிபோல ஊளையிட்டு நரிகளை வலைக்கு வரவழைத்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வந்த தன் தென்னிந்திய சாதிகள் தொகுதிகளில் எழுதியிருக்கிறார். அதில் ஒரு வேடிக்கை பார்க்கும் தொனி உண்டு. இதே வித்தையை ஒரு துரை செய்யும்போது தொனி மாறிவிடும், அதற்கு வருகிறேன்.

கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தால், மலாய்க்காரர்களிடம் 'புலோ டெக்குட்' என்ற மூங்கில் இருக்கிறது. நீளமான ஊதுகுழலைப் பருத்த மூங்கிலோடு சேர்த்துக் கட்டியது. ஊதினால் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல 'கூ' என்று ஒரு முனகல். பொறி வைப்பவர் இலைதழையால் வேய்ந்த 'பும்புன்' என்ற சிறு குடிலுக்குள் ஒளிந்துகொண்டு ஊதுவார். தரையில் மேயும் காட்டுப்புறா நடந்தே குடில் வாசலுக்கு வரும். வில்லியம் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய் மாந்திரீகம் பற்றிய நூலில் இதற்கான மந்திரங்களைத் தந்திருக்கிறார். அவற்றில் புறா வெறும் புறா இல்லை, இளவரசி. குடில் அரண்மனை. கண்ணி, ராஜா கொடுக்கும் நகை. இளவரசியை மரியாதையோடு உள்ளே அழைக்கிறார்கள். ஏமாற்றுவதற்கு இவ்வளவு உபசாரமா என்று முதலில் சிரித்தேன். பிறகு, தான் செய்வது ஏமாற்று என்பது அந்த ஆளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் இவ்வளவு வார்த்தை என்று பட்டது. அந்தப் புறா, மரகதப்புறா. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே பறவைதான். சிங்கப்பூர்க் காடுகளிலும் இருக்கிறது.

சருகுமானுக்கு இந்த மரியாதை கிடையாது. அது கோபத்திலும் கலக்கத்திலும் பின்னங்காலால் தரையில் படபடவென்று தட்டும். சருகின்மேல் குச்சியால் அதே தாளத்தைத் தட்டினால் இன்னொன்று விசாரிக்க வரும். தாளம் தெரிந்த கை போதும்.

சரி, துரைகள். 1938 நவம்பர் 30, குமாவுன் மலையில் தாக் என்ற கிராமம். ஜிம் கார்பெட்டின் கடைசி மாலை. மறுநாள் ஊர் திரும்பவேண்டும். ஆட்கொல்லியான பெண்புலி இணை தேடிக் குரல் கொடுப்பதை அவர் கேட்டிருந்தார். ஆண்புலிபோலப் பதில் கொடுத்தார். அவள் பதிலுக்குக் கூப்பிட்டாள். இருட்டுவதற்குள் வரவேண்டுமே என்று இவர் கூப்பிட, அவள் நெருங்க, கடைசி வெளிச்சத்தில் முகத்துக்கு நேராக வந்தாள். சுட்டார்.

இதைவிட நமக்குப் பக்கமான கதை கென்னத் ஆண்டர்சனுடையது. பெங்களூர்க்காரர். அன்றைய சேலம் மாவட்டத்து ஜவளகிரிக் காடு. இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். 1954இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் இருக்கிறது. அங்கே ஒரு ஜோடிப் புலிகள். ஆணை ஒருவர் சுட்டுவிட்டார். பெண்புலி அதைத் தேடிக் காடெல்லாம் கத்தித் திரிந்தது. பிறகு அதற்கும் குண்டடி பட்டது. பிறகு மனிதர்களை அடிக்கத் தொடங்கியது. ஆண்டர்சன் அதை எப்படிக் கொன்றார்? இறந்துபோன ஆணின் குரலைத் தன் வாயில் எடுத்து.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு அருகதை இல்லை. சுற்று கிராமத்தில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், புலியை நிறுத்தத்தான் வேண்டும். ஆனாலும் அந்தப் புலி துக்கத்தில் இருந்தது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவரும் அவரேதான். மனிதக் குரலில் கூப்பிட்டு மனிதனை ஏமாற்றிய மான் நமக்கு ஒன்று உண்டு: 'ஹா சீதா, ஹா லட்சுமணா' என்று ராமன் குரலில் கத்திய மாரீசன். சீதைக்குக் கேட்டது அவள் கேட்கப் பயந்த குரல். ஜவளகிரிப் புலிக்குக் கேட்டது அவள் கேட்க ஏங்கிய குரல். மாரீசனை நாம் அரக்கன் என்கிறோம். நரி ஊளையிட்டவரைத் தர்ஸ்டன் காலத்து சர்க்கார் குற்றப்பரம்பரைக் கண்ணோடு பார்த்தது. புலி உறுமியவர்களுக்குப் பதிப்பு மேல் பதிப்பு.

இனி குண்டுகரிச்சானுக்கு வருகிறேன், ஏனென்றால் அதன் கதையும் குரலால் கெட்ட கதை. ஒரு காலத்தில் சிங்கப்பூர்க் கம்பங்களில் சர்வசாதாரணம். பாட்டுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். மைனாக்கள் பொந்துகளுக்குப் போட்டியாக வந்தன. 1980கள் வாக்கில் மிக அரிதாகிப்போய், பாதுகாத்து, கொண்டுவந்து விட்டுத்தான் திரும்பப் பெருகியது. இதே வியாபாரத்தில் இன்னும் மோசமாக அடிபட்டது வைக்கோல் நிறத் தலைகொண்ட பெரிய கொண்டைக்குருவி, மலாயில் பாரௌ-பாரௌ. அது ஜோடியாகப் பாடும். அந்தப் பாட்டுக்கு இந்தோனேசியக் காடுகளையே காலிசெய்தார்கள். 2018இல் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. உலகத்தில் எஞ்சியவற்றில் கணிசமானவை இந்தச் சின்னத் தீவிலும் புலாவ் உபினிலும்தான்.

நான் யாரையும் பிடிக்கவில்லை, படம்தானே எடுத்தேன் என்று பெரியவரிடம் அன்று சொன்னேன். அவர் காப்பியை உறிஞ்சிவிட்டு, "எங்கப்பா புடிச்சாரு தம்பி. ரெண்டு கௌதாரி, வீட்ல ஆறு பேரு. அதுக்கு அவரு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சாரு. நீங்க எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க?" என்றார்.

நான் எழுந்தது ஏழு மணிக்கு. மூங்கில் ஊதுகிறவருக்கு மூச்சு வாங்கும். கூண்டுக் கௌதாரி களைத்துப்போய் வாயை மூடும். கார்பெட்டுக்குத் தொண்டை கட்டியிருக்கும். பழைய கலையில் கூப்பிடுகிறவனுக்கும் ஒரு எல்லை இருந்தது. என் போனில் அன்று தொண்ணூறு சதவீதம் சார்ஜ் இருந்தது.

போன வாரம் அதே தடத்தில் ஓர் இளைஞர் கிளையில் சின்ன ஸ்பீக்கரைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பாட்டு முடிய முடியத் தானாகத் திரும்பத் தொடங்கும்படி வைத்திருந்தார். குண்டுகரிச்சான் ஒன்று ஸ்பீக்கருக்கு மேல் கிளையில் வாலை உயர்த்திக்கொண்டு நின்றது. பெரியவர் எங்காவது தெரிகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. நானே போய், "மூணு தடவ போதும் தம்பி, நிப்பாட்டிருங்க" என்றேன்.

"அதுவாத்தானே வருது அங்கிள்" என்றார் அவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.