பிறர் பாவத்துக்கு உடந்தை

ஒருவர் செய்த தீமைக்கு மற்றவர் எந்த அளவுக்குப் பொறுப்பாளி என்பதை ஆராயும் கத்தோலிக்க அறநெறிக் கோட்பாடு. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்கிறது எசேக்கியேல் நூலின் 18ஆம் அதிகாரம். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவலாளியிடம் இரத்தப்பழி கேட்கப்படும் என்கிறது 33ஆம் அதிகாரம். கோட்பாடு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையில் வளர்ந்ததே.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதை இழப்பீட்டுக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். களவுபோன பொருளுக்குத் திருடன் மட்டுமா ஈடு தரவேண்டும்? ஏவியவர், யோசனை சொன்னவர், இசைந்தவர், முகத்துதி செய்தவர், அடைக்கலம் தந்தவர், கூடச் சேர்ந்தவர், வாய்மூடியவர், தடுக்காதவர், வெளிப்படுத்தாதவர் என ஒன்பது பேரை அவர் ஆராய்ந்தார். கடைசி மூவரில், பேசவும் தடுக்கவும் கடமைப்பட்டவருக்கே ஈடு தரும் பொறுப்பு. ஆட்சியாளரின் அசட்டையால் கள்வர் பெருகினால் இழப்பு அவரையே சேரும். அவர் வாங்கும் வரி நீதி காப்பதற்கான கூலி என்றார் அக்குவினாஸ். அரசுகளைப் பார்த்து இதைவிடக் கூர்மையாக ஒன்று சொல்லிவிட முடியாது.

1679இல் திருத்தந்தை 11ஆம் இன்னொசென்ட் பாவத்தை இலேசாக்கும் 65 தளர்நெறிக் கூற்றுகளைக் கண்டித்தார். பெண்ணைக் கெடுக்கச் சன்னல் ஏறும் எசமானுக்குத் தோள் கொடுக்கும் வேலையாள், பெரும் நட்டத்துக்கு அஞ்சிச் செய்தால் அது சாவான பாவமல்ல என்பது அவற்றுள் 51ஆவது. இவ்வழக்கை 18ஆம் நூற்றாண்டில் மறுபடி அலசியவர் புனித அல்போன்ஸ் லிகோரி. நேப்பிள்ஸில் வழக்கறிஞராக இருந்து குருவானவர் அவர். தீயவனின் எண்ணத்தோடு சேர்வது ஒருபோதும் ஆகாது; ஆனால் தன்னளவில் தீதற்ற செயலை மற்றவர் தீமைக்குப் பயன்படுத்திக்கொள்ளும்போது, தக்க காரணம் இருந்தால் அதைப் பொறுக்கலாம் என்று பிரித்தார். வேலையை இழந்தால் பட்டினி கிடக்கவேண்டிய ஏழைக்கு நியாயம் தேடிய பிரிவினை இது. பின்வந்த மருத்துவ அறநெறி இதையே பற்றி நிற்கிறது. கருக்கலைப்பிலிருந்து வந்த உயிரணுக்களைப் பயன்படுத்திய கொரோனா தடுப்பூசிகளை, மாசற்ற மாற்று கிடைக்காதபோது ஏற்கலாம் என 2020 டிசம்பரில் வத்திக்கான் சொன்னதும் இவ்வழியில்தான்.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் தன் 1868ஆம் பத்தியில் பழைய பட்டியலைச் சுருக்கித் தந்தது. தீயோரைப் பாதுகாப்பதும் அதில் உண்டு. குழந்தைகளிடம் பாலியல் வன்கொடுமை செய்த குருக்களை மூடிமறைத்த மேலதிகாரிகளுக்கு இந்த வரியே போதுமானதாக இருந்திருக்கவேண்டும். போதவில்லை. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், அத்தகைய குற்றத்தை அறியவரும் குருக்களும் துறவியரும் புகாரளிப்பதைச் சட்டக் கடமையாக்கினார். விசாரணையைத் தடுக்கும் ஆயர்களும் விசாரிக்கப்படலாயினர். பாவசங்கீர்த்தன இரகசியத்துக்கு விலக்கு உண்டு. 2023இல் நிரந்தரமாக்கப்பட்ட இச்சட்டம், வத்திக்கான் ஏற்பு பெற்ற பன்னாட்டுப் பொதுநிலையினர் சங்கங்களின் தலைவர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது.