கருமுட்டைக்கு ஏது சாதி?

தோழர்களே, பிறர் தந்த விந்தணுவாலும் கருமுட்டையாலும் பிள்ளை பெறுவது நேற்று வந்த விஷயமல்ல. அதன் வரலாற்றைப் படித்தால் யாருடைய உடல் யாருக்குப் பயன்பட்டது என்பது தெரியும்.

1884. அமெரிக்காவின் பிலடெல்பியா. ஜெபர்சன் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் பான்கோஸ்டிடம் பிள்ளையில்லாத தம்பதி வந்தனர். குறை கணவரிடம். மனைவிக்குக் குளோரோபார்ம் கொடுத்து மயக்கி, மாணவர் ஒருவரின் விந்தணுவைச் செலுத்தினார் பான்கோஸ்ட். கணவருக்குப் பிறகு சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சொல்லவே இல்லை. உடனிருந்த மாணவர்களில் ஒருவர் 1909இல் எழுதிய கடிதத்தால்தான் இது வெளியே தெரிந்தது. வகுப்பிலேயே அழகானவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்கிறது அக்கடிதம்.

ஆக, தொடக்கத்திலேயே இரண்டு கோளாறுகள். பெண்ணின் சம்மதம் கேட்கப்படவில்லை. 'உயர்ந்த வித்து' தேடப்பட்டது. இரண்டாவது கோளாறு பின்னாளில் கடையே திறந்தது. 1980இல் கலிபோர்னியாவில் ராபர்ட் கிரஹாம் என்ற செல்வந்தர், நோபல் பரிசு பெற்றவர்களின் விந்தணுவைச் சேகரிக்க வங்கி தொடங்கினார். 1999இல் அது மூடப்பட்டது.

'உயர்ந்த வித்து' என்ற எண்ணத்துக்கு நம் நாட்டில் வேறு பெயர் உண்டு: சாதி. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் படித்த கட்டுரை, சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று நிறுவியது. சாதிக்குள்ளேயே மணம் என்றால், எந்தக் கருப்பையில் யாருடைய பிள்ளை என்பதைச் சாதி தீர்மானிக்கிறது என்று பொருள்.

கருத்தரிப்பு மையத்தில் மணமே இல்லை. கொடுப்பவர் யாரோ, பெறுபவர் யாரோ. வேலி அங்கே தானாக உடைந்திருக்க வேண்டும். ஆனால் தங்கள் சாதிக்காரரின் விந்தணுவே வேண்டும் என்று தம்பதிகள் கேட்பதாகச் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. கருமுட்டையில் இருப்பவை 23 குரோமோசோம்கள். அதில் சாதியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை உலகின் எந்த ஆய்வகத்திலும் இல்லை.

முதல் கோளாறும் தீரவில்லை. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்டது அம்பலமானது. போலி ஆதாரில் வயதைக் கூட்டியிருந்தார்கள். தாயும் பெண் தரகரும் கைதானார்கள். கருமுட்டை எடுப்பது இரத்ததானம் போன்றதல்ல. பல நாட்கள் ஹார்மோன் ஊசி, பிறகு மயக்க மருந்து, ஊசி வழியே முட்டை எடுப்பு. சினைப்பை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதே 2022 ஜனவரியில்தான் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், 2021 நடைமுறைக்கு வந்திருந்தது. கருமுட்டை தருபவருக்கு 23 முதல் 35 வயது. வாழ்நாளில் ஒரே முறை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. காப்பீடு கட்டாயம். விற்பனை குற்றம். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்கவும் தடை. ஆனால் சாதி கேட்காதே என்று ஒரு வரி அதில் இல்லை.

பிள்ளையில்லாதவர்களின் வேதனை உண்மையானது. ஊரார் பேச்சைத் தாங்குபவள் பெரும்பாலும் பெண்தான். இந்தச் சிகிச்சையை நாம் எதிர்க்கவில்லை. அந்த விடுபட்ட வரியைக் கேட்கிறோம். உங்கள் ஊரில் கருத்தரிப்பு மையம் இருந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: முட்டை தந்த பெண்ணுக்குக் காப்பீடு எடுத்தீர்களா? சாதி கேட்டு வருபவருக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?