பிளாஸ்மிடும் மரபணுப் படியாக்கமும்: ஜொகூர் இன்சுலின் வரை

பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் உயிரணுவுக்குள், அதன் குரோமோசோமைச் சாராமல் தனித்து நின்று, தானே பெருகும் ஆற்றலுடைய சிறு டி.என்.ஏ. மூலக்கூறாகும். பெரும்பாலும் வளைய வடிவம் கொண்ட இதற்கு 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க் இப்பெயரை இட்டார். 1950களின் பிற்பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள், சீதபேதிக் கிருமிகள் பல மருந்துகளை எதிர்க்கும் திறனை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துவதைக் கண்டறிந்தனர்; அத்திறனைச் சுமந்து சென்றவை இத்தகைய மூலக்கூறுகளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மருத்துவத்துக்குப் பகையாக அறிமுகமான ஒன்றே மருந்து ஆக்கும் கருவியாக மாறியது இவ்வரலாற்றின் தனிச்சிறப்பு.

1972 நவம்பரில் ஹொனலூலுவில் நடந்த கருத்தரங்கில் சந்தித்த ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும், பிளாஸ்மிடை நொதியால் வெட்டி, அயல் டி.என்.ஏ.வை அதில் ஒட்டி, எஸ்செரிச்சியா கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பெருக்கலாம் என்பதை 1973இல் மெய்ப்பித்தனர். ஒரு மரபணுவுக்கு இவ்வாறு எண்ணற்ற படிகள் எடுப்பதே மரபணுப் படியாக்கம் எனப்படும். 1977இல் போயரின் ஆய்வகத்தில் உருவான பி.பி.ஆர்.322 என்னும் பிளாஸ்மிட், ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின் ஆகிய இரண்டையும் எதிர்க்கும் மரபணுக்களைக் கொண்டது. டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணுவின் நடுவே அயல் மரபணு செருகப்பட்டால் அவ்வெதிர்ப்பு அழிந்துவிடும். எனவே ஆம்பிசிலின் தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டுகளை வெல்வெட் துணியால் ஒற்றி, இடம் மாறாமல் டெட்ராசைக்ளின் தட்டில் பதித்து, அங்கே வளராமற்போன திட்டு எதுவெனப் பார்த்து, முதல் தட்டில் அதே இடத்திலிருப்பதை எடுத்துக்கொள்வர். இத்துணை எளிய கைவேலையின்மீதுதான் ஒரு தொழில்துறையே எழுந்தது.

பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டு வந்த நிலையில், 1978இல் ஜெனென்டெக் நிறுவனம், சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் மனித இன்சுலினின் 21, 30 அமினோ அமிலங்கள் கொண்ட இரு சங்கிலிகளையும் பாக்டீரியாவில் தனித்தனியே ஆக்கி இணைத்தனர். அம்முறை வழிவந்த ஹியூமுலின் 1982இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது.

மலேசியத் தமிழர் இனிப்புநீர் என வழங்கும் நீரிழிவுக்கான இம்மருந்தின் ஆக்கம் ஜொகூருக்கு வந்தது பெங்களூருவின் பயோகான் நிறுவனத்தால். 2010இல் அறிவிக்கப்பட்ட அதன் ஆலை, இன்று இஸ்கண்டார் புத்ரி எனப்படும் நூசா ஜெயாவின் பயோ-எக்ஸெல் வளாகத்தில் அமைந்தது. இந்நிறுவனம் பாக்டீரியாவுக்கு மாற்றாகப் பிக்கியா என்னும் ஈஸ்டைக் கையாள்கிறது. புரதத்தை உயிரணுவுக்கு வெளியே சுரப்பது இந்த ஈஸ்டின் பெரும் நன்மையாகும். ஆயினும் இம்முறையில் பிளாஸ்மிடின் பங்கு மறைந்துவிட்டதாகக் கொள்வது பிழை. பிக்கியாவுக்குரிய மரபணு பொதுவாக முதலில் பிளாஸ்மிடில் கோக்கப்பட்டு, எஸ்செரிச்சியா கோலையில் பெருக்கப்பட்ட பின்னரே ஈஸ்டின் குரோமோசோமில் சேர்க்கப்படுகிறது. ஜொகூரில் தயாராகும் இன்சுலின் கிளார்ஜின், சங்கிலிகளில் சிறு மாற்றம் செய்யப்பட்டதால் ஒரு நாள் முழுதும் மெல்லச் செயற்படுகிறது; அது 2020 ஜூனில் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றது. மருத்துவரின் புதிய சீட்டின்றியே மருந்தாளுநர் மூல மருந்துக்கு மாற்றாக வழங்கத்தக்க முதல் இன்சுலின் என 2021 ஜூலையில் அந்நாடு ஏற்றதும் இதனையே.